ஓடையில் நம் வீட்டு மீன்

கண்ணு,

போன வாரம் நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "யோசிச்சி சொல்றேண்டா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், ஓடைக்கு ஓரமாகச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டிக் கலர் மீன் வளர்த்து விற்கிறேன், நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் போனை வைத்தேன். பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் முடியாது. நீ குரலைக் கொஞ்சம் இறக்கி "ம்மா" என்று இழுத்தாலே தலையாட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்தால் போதாது. உன் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிற யார் கண்ணில் பட்டாலும் நல்லதுதான். எனக்கு இப்போது மானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிதல்ல. ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் நான். "உங்கம்மா இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஒரு வளைவக்கூடப் பாத்ததில்ல" என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். இடி இடித்தால் பயம், கரடி வந்தது என்று யாராவது சொன்னால் பயம், உன் போன் ஒரு நாள் அடிக்காவிட்டால் பயம். ஆனால் அதெல்லாம் நமக்கு ஏதாவது வந்துவிடுமோ என்கிற பயம். சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தால் பாதி தணிந்துவிடும். இப்போது எனக்கு வந்திருப்பது வேறு. நம் வீட்டிலிருந்து ஒன்று வெளியே போய்விட்டது. அது எங்கே போய் என்ன செய்யுமோ என்கிற பயத்துக்கு எந்தச் சாமியிடம் முடிந்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வேலைக்குக் கிளம்பின அன்று, அந்தக் கண்ணாடித் தொட்டியையும் அதில் ஒரு ஜோடி மீனையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். கிரிபென்சிஸ் என்றாய். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆனது. ஆப்பிரிக்காவில் ஆற்றில் இருக்கிற மீன், ஏரி மீன் இல்லை, ஓடுகிற தண்ணீர்தான் பிடிக்கும், வேலூரில் உப்புத் தண்ணீரில் முட்டை போட்டாலும் வெள்ளை பூத்துக் கெட்டுப்போகும், நம் மலைத் தண்ணீர் என்றால் அதற்கு அமிர்தம் என்று என்னென்னவோ சொன்னாய். நான் காதில் வாங்கியது பாதிதான். மகன் பஸ் ஏறுகிற நேரத்தில் எந்தத் தாய் மீனைப் பற்றிய பாடத்தைக் கேட்பாள்? "ஏண்டா, குழம்புக்கும் ஆவாத மீன எனக்குக் குடுத்துட்டுப் போறியே" என்று வைதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு எப்படியோ அந்தத் தொட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. உடைந்த கலயத்தின் வாய்ப்பக்கத்தைக் கவிழ்த்து வைத்து அதற்கு வீடு செய்து கொடுத்தேன். பெண் மீனின் வயிறு ஒரு நாள் நாவல்பழத்தைப் பிழிந்து பூசினாற்போல் சிவந்து போனது. அது ஆணின் முன்னால் போய் வயிற்றை வளைத்து வளைத்துக் காட்டியதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. கலயத்துக்குள் மேல் பக்கத்தில் முட்டை ஒட்டியிருந்தது. சில நாளில் மணல் நிறத்தில் குஞ்சுகள் தூசி மாதிரிக் கிளம்பின. அப்போது நான் செய்த கூத்து உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் பார்த்தால் தாய் மீன் குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டிருந்தது. ஐயோ தின்கிறதே என்று நான் கண்ணாடியைத் தட்டினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை நிஜமாகவே விழுங்கிவிட்டது. உனக்குப் போன் போட்டு அழுதேன். "மா, அது தின்னலம்மா. இருட்டுறதுக்கு முன்னாடி வாயில தூக்கிகினு போய் வூட்டுக்குள்ள வுடும். நீ தட்டினதாலதான் பயந்து முழுங்கிட்ச்சி" என்றாய். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் அன்று சோறு சாப்பிடவில்லை. காப்பாற்றுகிறேன் என்று ஓடிப்போய்ப் பயந்த கையை வைப்பதால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு மீன் காட்டித்தந்தது. காட்டித்தந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

நம் வீட்டுத் தண்ணீர் எப்படி வருகிறது என்று உன் நண்பர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காக எழுதுகிறேன். மேலே ஊற்றுக் குட்டையில் கறுப்பு ஓஸ் குழாயைப் போட்டு, பாறையும் வேலியும் தாண்டி வீடு வரைக்கும் இழுத்திருக்கிறோம். மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாக இறங்கி வந்துகொண்டே இருக்கும். குழாய் முனையில் அடைப்பு போடுகிற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. அடைத்தால் மேலே எங்காவது ஓஸ் பிய்த்துக்கொள்ளும் என்பது ஒன்று. இன்னொன்று, நம்மிடம் வந்த தண்ணீரை நிறுத்துவது இந்த மலையில் ஒரு பாவம் மாதிரி. டிரம் நிறைந்ததும் வழிவது வாழைக்குப் போகும், வாழையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கீழ்வீட்டுக்காரர்களின் குழாய். யாராவது திருவிழாவுக்குக் கிளம்பினால்கூட வீட்டைத்தான் பூட்டுவார்கள், தண்ணீரை ஓடவிட்டுத்தான் போவார்கள். ஓடுகிற தண்ணீர்தான் இந்த மீனுக்குப் பிடிக்கும் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்ட உன் அப்பா சும்மா இருப்பாரா? குழாயில் ஒரு கிளை வெட்டி, தொட்டிக்குள் நூல் மாதிரித் தண்ணீர் விழவைத்தார். தொட்டியின் பக்கத்தில் துளை போட்டு, வழிகிற தண்ணீர் போக ஒரு பைப் வைத்து, அதன் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் புத்திசாலி மனுஷன் என்று பாராட்டினார்கள். அந்த பைப்பின் மறுமுனை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்த மலையில் அதைக் கேட்கவே தோன்றாது. எல்லாத் தண்ணீரும் கீழேதான் போகும், அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆடியில் ஒரு நாள் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அப்பா புளி விஷயமாகக் கணியம்பாடிப் பக்கம் போயிருந்தார், நான் தனியாக இருந்தேன். மேலே குட்டை நிரம்பி, நூல் மாதிரி விழுந்த தண்ணீர் கயிறு மாதிரி விழ ஆரம்பித்தது. சேறும் இலையும் வந்து கொசுவலையை அடைத்துக்கொண்டன. தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையில் பரவி, தொட்டித் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டர் சொருகியிருக்கிற பிளக் பெட்டியை நோக்கிப் போனது. ஷாக் அடித்துச் சாகப்போகிறோம் என்றே நினைத்துவிட்டேன். ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். கிளைக் குழாயைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு கட்டையால் தண்ணீரைத் திருப்பியிருக்கலாம். ஆனால் என் கை நேராகக் கொசுவலைக்குப் போனது. அதை உருவி எறிந்தேன். மடமடவென்று தண்ணீர் பைப் வழியாக இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். தொட்டியில் அப்போது அந்த ஜோடி மட்டும் இல்லை, விரல் நீளத்துக்கு வளர்ந்த அதன் பிள்ளைகளும் இருந்தன.

மழை விட்ட பிறகாவது வலையைத் திருப்பிக் கட்டினேனா என்றால், இல்லை. மறுபடியும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். நாளைக்குக் கட்டுவோம், மழை முழுசாக ஓயட்டும் என்று தள்ளிப்போட்டேன். தொட்டியில் கூட்டம் குறைந்த மாதிரிதான் இருந்தது. எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் தெரிந்துவிடுமே என்றுதான் எண்ணவில்லை. "கலயத்துக்குள்ள ஒளிஞ்சிகினு இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயப்படுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பொய். பயப்படுகிறவர்கள் பார்க்காமல் இருப்பார்கள். கதவுக்குப் பின்னால் பாம்பு இருக்குமோ என்று பயந்து கதவுக்குப் பின்னால் பெருக்காமலே விட்டுவிடுவார்கள். உனக்கும் என் பயம்தான் வந்திருக்கிறது, சிரித்துப் பேசி மறைத்துக்கொள்கிறாய். அதனால் சொல்கிறேன், எது பார்க்கப் பயமாக இருக்கிறதோ அதை முதலில் போய்ப் பார்.

புரட்டாசி பிறந்து ஒரு காலையில் கீழ்வீட்டுப் பூங்கொடி வந்தாள். உனக்குத்தான் தெரியுமே, சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள். கையில் ஒரு சொம்பு. "அக்கா, இதப் பாரேன். ஓடையில நண்டு புடிக்கப் போனேன், கல்லுக்கு அடியில கை வுட்டா இது வந்திச்சி. இன்னா கலருக்கா! உங்க வூட்டுத் தொட்டியில கீற மாரியே கீது" என்றாள். சொம்புக்குள் ஒரு பெண் மீன். வயிறு சிவந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், "ஓடையில ஆயிரம் மீனு கீது. அதுல இதுவும் ஒன்னா இருக்கும்" என்றேன். "அப்பிடியா? நான் பொறந்ததுல இருந்து இந்த ஓடையிலதான் நண்டு புடிக்கிறேன், இதப் பாத்ததே இல்லியேக்கா" என்றாள். "மழைக்கு மேல இருந்து வந்திருக்கும், எங்கிட்டயே குடுத்துட்டுப் போ" என்று சொம்பை வாங்கிக்கொண்டேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் போனதும் அதைத் தொட்டியில் விட்டுவிட்டு நானே ஓடைக்கு இறங்கிப் போனேன். பாறைக்குக் கீழே இடுப்பளவு குட்டை இருக்கிறதே, அதன் ஓரத்தில் குந்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தட்டைக் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி வெளியே வந்தது. சுற்றிலும் குஞ்சுகள். தாய் உடம்பை ஒரு உதறு உதறியதும் குஞ்சுகள் எல்லாம் மணலோடு மணலாகப் படுத்துக்கொண்டன. என் தொட்டியில் என்ன செய்யுமோ அதையே அங்கேயும் செய்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அட, என் வீட்டுப் பிள்ளை வெளியூரில் குடித்தனம் வைத்து வாழ்கிறதே என்கிற மாதிரி ஒரு பெருமை. அந்தப் பெருமை ஒரு அயிரையைப் பார்க்கிற வரைக்கும்தான் இருந்தது. பாவம், அது கல்லோரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆண் மீன் அம்பு மாதிரிப் பாய்ந்து அதைத் துரத்தியது. அந்தக் கல்லைச் சுற்றி வேறு எந்த மீனும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வழக்கமாகக் காலை வைத்தால் வந்து கடிக்கிற கெண்டைக் குஞ்சுகள்கூட அந்தப் பக்கம் இல்லை.

என் அம்மா வீட்டு ஏரி உனக்கு நினைவிருக்கிறதா? அங்கே இப்போது வலை போட்டால் என்ன வருகிறது? ஜிலேபி. எந்தப் பக்கம் போட்டாலும் ஜிலேபி மீன்தான். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், உன் கிரிபென்சிஸுக்கு ஒருவகையில் பங்காளி என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதுவும் குஞ்சைக் காக்கிற மீன்தான். யாரோ நல்லதுக்கு என்றுதான் விட்டிருப்பார்கள். நானும் அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்து ருசித்துச் சாப்பிட்டவள்தான், பெரிய நியாயம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த ஏரியில் விட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஓடையில் விட்டது யார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ராத்திரி ஓடைச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். முன்பு அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன்.

சாப்பிடும்போது உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் களி உருண்டையை மென்றுகொண்டே கேட்டார். "ரெண்டு மீனு போனா இன்னா ஆயிடப்போவுது? மார்கழி வந்தா இந்தக் குளிருக்குத் தானா செத்துடும். நம்ம வூட்லயே ஹீட்டர் போட்டுத்தானே வச்சிகினு கீறோம்" என்றார். அது சரிதான், குளிர் தாங்காத மீன்தான் அது. ஆனால் ஓடை இங்கேயே நிற்கிறதா? ஐப்பசி மழை பலத்தால் குட்டையில் இருக்கிறதையெல்லாம் அடித்துக்கொண்டு மலையடியில் படவேட்டுப் பக்கம் இறங்கிவிடும். அங்கே ஏது குளிர்? நெல் வயல், கரும்பு, வாய்க்கால், ஏரி என்று ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கிற தண்ணீர். மேலே சாகிறது கீழே பிழைத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதப் புள்ளகிட்ட சொல்லிகினு இருக்காத. அவன் வர்றேன்றதே இந்த மீனுக்காகத்தான். சொன்னீனா அங்கயே இருந்துடுவான். கம்முனு இரு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்து கை கழுவப் போனார். அவர் கெட்டவர் இல்லை, கண்ணு. உன் கட்டிலில் யாரையும் உட்கார விடுவதில்லை அவர்.

நானும் கம்மென்றுதான் இருந்தேன். அப்பாவிடம் முன்பே ஜாடையாகச் சொல்லியிருந்ததை, அந்தச் சமயத்தில்தான் நீ எனக்குப் போன் செய்து சொன்னாய். "மா, இங்க முடியலம்மா. பகல்ல தூங்கி ராத்திரியில முழிச்சி, யாரு மூஞ்சியும் பாக்காம கீறேன். ஓடையோரமா தொட்டி கட்டிக்கலாம். தண்ணி தானா வரும், தானா போவும். வேலூர்ல மீனு வளக்கிறவன் எவன் இன்னா பண்ணாலும் நம்ம தண்ணி மாரி வராதும்மா" என்றாய். எவ்வளவு நாளைக்குப் பிறகு உன் குரலில் ஒரு தெம்பைக் கேட்டேன் தெரியுமா? போன பொங்கலுக்கு வந்தபோது உன் கன்னம் ஒட்டிப் போயிருந்ததைப் பார்த்து, அடுக்களையில் போய் நின்று அழுதவள் நான். தானா வரும், தானா போகும் என்று நீ சொன்னதும் நான் உருவி எறிந்த கொசுவலைதான் என் கண்ணில் நின்றது. ஒரு பைப்புக்கே இந்தக் கதி. ஓடையோரம் வரிசையாகத் தொட்டி என்றால் ஒரே ஒரு மழை போதும். தெரிந்தும் சரி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஓடை போனால் போகட்டும், அயிரை போனால் போகட்டும், என் பிள்ளை என் கண்ணெதிரில் இருந்தால் போதும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நான் அப்படி நினைக்கக்கூடியவள் என்று எனக்கே அதுவரை தெரியாது. பயத்திலேயே பெரிய பயம் அதுதான்.

மறுநாள் பூங்கொடி வீட்டுக்குப் போனேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "பூங்கொடி, அது எங்க வூட்டு மீனுதான். வலைய நான்தான் கழட்டி வுட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன்." அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உன் மூஞ்சி சொல்லிச்சி" என்றாள். கொஞ்ச நேரம் புடைத்தாள். பிறகு, "அது நண்டத் தின்னுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நண்டுக் குஞ்சைத் தின்றாலும் தின்னும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது, வரத்தானே செய்யும். "எங்க புள்ளைங்களுக்குச் சளி புடிச்சா அந்த நண்டு ரசம்தான்க்கா மருந்து. நீ கலர் மீனு வளக்கிறதுக்கு எங்க ஓடைதான் கெடச்சிதா?" என்றாள். திட்டி முடித்துவிட்டு முறத்தைச் சுவரில் சாய்த்தாள். "இன்னும் இன்னா நின்னுகினு கீற? வா, புடிக்கலாம்" என்று அவளே கொசுவலையை எடுத்தாள்.

பிடிப்பது கஷ்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். கஷ்டமே இல்லை. மற்ற மீன் என்றால் நிழல் பட்டாலே ஓடிவிடும். இது ஓடவில்லை. குஞ்சுகளை விட்டு நகராது என்பதால், வலையைக் கொண்டுபோய் அந்தக் கல் பக்கத்தில் வைத்ததும் தாய் மீன் என் விரலையே வந்து கடித்தது. என் சுண்டு விரல் அளவுதான் இருக்கும். அது என்னை விரட்டப் பார்த்தது. பூங்கொடி அப்படியே வலையோடு தூக்கிவிட்டாள். ஆணையும் அதேபோல்தான் பிடித்தோம். பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாய் தகப்பன் இரண்டும் போனதும் குஞ்சுகளுக்குத் திசை தெரியவில்லை. கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, தண்ணீரில் நின்றிருந்த என் காலைச் சுற்றி வந்து கூடின. என் காலின் நிழலைத் தாய் என்று நினைத்துக்கொண்டன போல. நான் குனிந்து உள்ளங்கையை வைத்தேன். கைக்குள் தானாக வந்தன. அள்ளி அள்ளிக் கரை மணலில் போட்டேன், கண்ணு. குஞ்சுக்கு வேக வைத்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டின அதே கையால் போட்டேன். பூங்கொடி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே கிளைக் குழாயை வெட்டிவிட்டேன். பைப்பைப் பிடுங்கி, துளையை அடைத்துவிட்டேன். இப்போது குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன், அழுக்குத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வீட்டுக்குப் பின்னால் ஓடைக்குப் போகாத மேட்டில் மஞ்சள் பாத்தியில் கொட்டுகிறேன். தொட்டியில் நீ கொடுத்த ஜோடி இருக்கிறது, வயிறு சிவப்பதும் முட்டையிடுவதும் நடக்கிறது. மீன் வளர்ப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் போல ஒரு துணை நீ போன பிறகு எனக்கு இருந்ததில்லை. ஆனால் ஓடையோரம் தொட்டி வேண்டாம். நீ எத்தனை வலை கட்டினாலும் வேண்டாம். என் மாதிரி பயந்து ஒருத்தி அவசரத்துக்கு அதை உருவி எறிவாள். உன் கேள்விக்கு இதுதான் என் பதில். அப்பா சொன்ன மாதிரி நீ அங்கேயே இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொங்கலுக்கும் வராமல் போவாயோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும், உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஓடையைக் கொடுத்தேன் என்று நாளைக்கு உனக்குத் தெரிந்தால், நீ என் பக்கத்தில் எப்படி உட்காருவாய்?

அந்தக் கம்பெனி வேண்டாம் என்றால் விட்டுவிடு. அதற்கு மீன் ஒரு காரணமாக வேண்டியதில்லை. வந்து ஒரு மாதம் சும்மா தூங்கு. பிறகு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசிப்போம். வராவிட்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு உதவி கேட்கிறேன். இது உன்னை இழுக்கிற தந்திரம் இல்லை. வேண்டுமானால் இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிட்டுத் திரும்பிப் போ.

நாங்கள் பிடித்தது ஒரு குட்டையில் இருந்த ஒரு ஜோடியைத்தான். தொட்டியிலிருந்து எத்தனை போயின என்று எனக்குத் தெரியாது. அந்தக் குட்டைக்குக் கீழே இன்னும் எத்தனையோ குட்டைகள், படவேட்டுப் பக்கம் வரைக்கும் இருக்கின்றன. ஐப்பசி மழை பலப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். பூங்கொடிக்கு அறுப்பு வேலை இருக்கிறது, உன் அப்பா வரமாட்டார். மணலோடு மணலாகப் படுத்திருக்கிற குஞ்சு என் கண்ணுக்குத் தெரியாது, உன் கண்ணுக்குத் தெரியும். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டும். அதைத் தனியாகச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை, கண்ணு. வந்து என் கூட நட.

உன் அம்மா